மோல் விகிதத்தைக் கொண்டு ஆக்சிஜனேற்ற-ஒடுக்கத் தரம்பார்த்தல் கணக்குகளைத் தீர்ப்பது எப்படி?

பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வுக்காகப் பெர்மாங்கனேட் தரம்பார்த்தலைச் செய்து பழகியவர்களுக்கு ஒரு சூத்திரம் மனப்பாடமாக இருக்கும். முதல் கரைசலின் கனஅளவையும் நார்மாலிட்டியையும் பெருக்கினால் வரும் எண்ணும், இரண்டாம் கரைசலின் கனஅளவையும் நார்மாலிட்டியையும் பெருக்கினால் வரும் எண்ணும் சமம் என்பதே அது. சூத்திரத்தில் பிழை எதுவும் இல்லை. ஆனால் வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியிலோ பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரியிலோ வேதியியல் முதலாண்டில் சேர்ந்த பிறகும், நீட் தேர்வுக்கான கணக்குகளைப் போடத் தொடங்கிய பிறகும், வினாத்தாளில் நார்மாலிட்டிக்குப் பதிலாக மோலாரிட்டி, அதாவது ஒரு லிட்டர் கரைசலில் உள்ள மோல்களின் எண்ணிக்கை, வந்து நிற்கும். அப்போது பலர் பழைய சூத்திரத்தில் நார்மாலிட்டி இருந்த இடத்தில் மோலாரிட்டியைப் போட்டுவிட்டு, ஐந்து மடங்கோ ஆறு மடங்கோ தவறான விடையை முழு நம்பிக்கையோடு எழுதிவிடுகிறார்கள். நான் தண்டையார்பேட்டையில் மாலை வகுப்புகளில் சொல்லித்தரும் பிள்ளைகளிடம் ஆண்டுதோறும் பார்ப்பது இதைத்தான். அவர்களுக்குக் கணக்கு வராமலில்லை; சூத்திரத்துக்குள் ஒளிந்திருக்கும் மோல் விகிதத்தை யாரும் வெளியே எடுத்துக் காட்டவில்லை என்பதே காரணம். அதை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போடும் முறையை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

விகிதம் எங்கிருந்து வருகிறது?

ஆக்சிஜனேற்ற-ஒடுக்க வினையில் ஒரு பொருள் எலக்ட்ரானை இழக்கிறது, இன்னொன்று அதை ஏற்கிறது. இழந்த மொத்த எலக்ட்ரான்களும் ஏற்ற மொத்த எலக்ட்ரான்களும் எண்ணிக்கையில் சமமாக இருந்தே ஆகவேண்டும். மோல் விகிதம் முழுவதும் இந்த ஒரே கட்டாயத்திலிருந்துதான் பிறக்கிறது. எனவே எந்த வினையாக இருந்தாலும், ஒரு மூலக்கூறு அல்லது அயனி எத்தனை எலக்ட்ரான்களை இழக்கிறது அல்லது ஏற்கிறது என்பதை ஆக்சிஜனேற்ற எண்ணின் மாற்றத்தைக் கொண்டு முதலில் கண்டுபிடித்துவிட வேண்டும்.

அமில ஊடகத்தில் பெர்மாங்கனேட் அயனியில் உள்ள மாங்கனீசின் ஆக்சிஜனேற்ற எண் +7 என்பதிலிருந்து +2 ஆகக் குறைகிறது. ஆகவே ஒரு பெர்மாங்கனேட் ஐந்து எலக்ட்ரான்களை ஏற்கிறது. ஃபெரஸ் அயனி (+2 இரும்பு) ஃபெரிக் (+3 இரும்பு) ஆகும்போது ஒரே ஒரு எலக்ட்ரானை இழக்கிறது. ஆக்சலேட் அயனியில் இரண்டு கார்பன்கள் உள்ளன; ஒவ்வொன்றும் +3 என்பதிலிருந்து +4 ஆக உயர்வதால், ஒரு ஆக்சலேட் இரண்டு எலக்ட்ரான்களை இழக்கிறது. ஆக்சலேட்டில் கார்பன் இரண்டு என்பதை மறந்து ஒரு எலக்ட்ரான் என்று எழுதிவிடுவது மிகப் பரவலான பிழை.

வகுப்பில் இதை விளக்கும்போது திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஓடும் ஷேர் ஆட்டோவைத்தான் உதாரணமாகச் சொல்வேன். பெர்மாங்கனேட் என்பது ஐந்து இருக்கை உள்ள ஆட்டோ. ஃபெரஸ் ஒவ்வொன்றும் தனியாக ஒரு பயணியை அனுப்புகிறது என்றால், ஒரு ஆட்டோ நிறைய ஐந்து ஃபெரஸ் வேண்டும், விகிதம் 1:5. ஆக்சலேட்டோ இருவர் இருவராகத்தான் அனுப்பும். இணையில் ஒருவரையும் விட்டுவிடக்கூடாது, இருக்கையும் காலியாக இருக்கக்கூடாது என்றால், இரண்டு ஆட்டோக்களும் ஐந்து இணைகளும் சேர்ந்தால்தான் கணக்குச் சரியாகும், விகிதம் 2:5. ஐந்துக்கும் இரண்டுக்கும் மீச்சிறு பொது மடங்கு பத்து என்று கணிதத்தில் சொல்வதும் இதுவே.

எலக்ட்ரான்களைச் சமன் செய்த பிறகு, ஆக்சிஜனை நீரைக் கொண்டும் ஹைட்ரஜனை ஹைட்ரஜன் அயனியைக் கொண்டும் சமன் செய்தால் கீழ்க்காணும் சமன்பாடுகள் கிடைக்கும்.

1 பெர்மாங்கனேட் + 5 ஃபெரஸ் + 8 ஹைட்ரஜன் அயனி → 1 மாங்கனஸ் + 5 ஃபெரிக் + 4 நீர்

2 பெர்மாங்கனேட் + 5 ஆக்சலேட் + 16 ஹைட்ரஜன் அயனி → 2 மாங்கனஸ் + 10 கார்பன் டை ஆக்சைடு + 8 நீர்

சமன்பாட்டை எழுதியதும் இருபுற மின்சுமைகளைக் கூட்டிப் பாருங்கள். முதல் சமன்பாட்டின் இடப்புறம் −1, +10, +8 சேர்ந்து +17. வலப்புறம் +2, +15 சேர்ந்து +17. இரண்டாவதில் இருபுறமும் +4. அணுக்கள் சமமாக இருந்தும் மின்சுமை ஒத்துவராத சமன்பாடு தவறானது. அதிலிருந்து எடுக்கும் விகிதமும் தவறாகத்தான் இருக்கும். ஒரு நிமிடம்கூட ஆகாத இந்தச் சோதனையை ஒருபோதும் தவிர்க்க வேண்டாம்.

கணக்கின் நடை

எந்தத் தரம்பார்த்தல் கணக்கும் ஒரே பாதையில்தான் நடக்கிறது. முதலில், செறிவும் கனஅளவும் இரண்டுமே தெரிந்த கரைசல் எது என்று பார்த்து, அதன் மோல் எண்ணிக்கையைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு, சமன் செய்த சமன்பாட்டிலிருந்து எடுத்த விகிதத்தைக் கொண்டு, அந்த மோல்களைத் தெரியாத பொருளின் மோல்களாக மாற்ற வேண்டும். அதன்பின், பிப்பெட்டில் எடுத்த பகுதிக்குக் கிடைத்த மோல்களை முழுக் குடுவைக்கோ முழு மாதிரிக்கோ உயர்த்த வேண்டும். கடைசியாகத்தான் கேள்வி கேட்பது மோலாரிட்டியா, நிறையா, சதவீதமா என்று பார்த்து அதற்கேற்ப மாற்ற வேண்டும். இந்த நான்கில் மோல் விகிதம் வருவது இரண்டாவது இடத்தில் மட்டுமே. வேறெங்கும் அதற்கு வேலையில்லை.

இங்கே ஒரு வசதியைச் சொல்லிவிடுகிறேன். மோலாரிட்டியை லிட்டரால் பெருக்கினால் மோல் கிடைக்கிறது, அதையே மி.லி.யால் பெருக்கினால் மில்லிமோல் கிடைக்கிறது. பியூரெட்டும் பிப்பெட்டும் மி.லி.யில்தான் அளக்கின்றன என்பதால், கணக்கு முழுவதையும் மில்லிமோலில் போட்டால் பத்தின் அடுக்குகளோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. மில்லிமோலை மூலக்கூறு நிறையால் பெருக்கினால் மில்லிகிராம் வரும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஃபெரஸ் சல்பேட்: முதல் கணக்கு

பிப்பெட்டில் 20.0 மி.லி. ஃபெரஸ் சல்பேட் கரைசலை எடுத்து, கூம்புக் குடுவையில் விட்டு, நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, பியூரெட்டில் உள்ள 0.0200 மோலார் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டால் தரம்பார்க்கிறோம். நிலையான வெளிர் இளஞ்சிவப்பு நிறம் தோன்ற 18.4 மி.லி. தேவைப்படுகிறது. கரைசலின் செறிவு என்ன?

செறிவும் கனஅளவும் தெரிந்தது பெர்மாங்கனேட். 0.0200 × 18.4 = 0.368 மில்லிமோல். ஒரு பெர்மாங்கனேட்டுக்கு ஐந்து ஃபெரஸ் என்பதால், ஃபெரஸ் 0.368 × 5 = 1.84 மில்லிமோல். இது 20.0 மி.லி.யில் உள்ளது, ஆகவே மோலாரிட்டி 1.84 ÷ 20.0 = 0.0920. ஏழு நீர் மூலக்கூறுகள் கொண்ட படிக ஃபெரஸ் சல்பேட்டின் மூலக்கூறு நிறை 278 என்பதால், ஒரு லிட்டரில் 25.6 கிராம் இருக்கிறது.

பழைய சூத்திரத்தில் மோலாரிட்டியை அப்படியே போட்டிருந்தால் 0.0184 என்று வந்திருக்கும். சரியான விடையில் ஐந்தில் ஒரு பங்கு. அதே சூத்திரம் நார்மாலிட்டிக்குச் சரியாக வருவது ஏன்? 0.0200 மோலார் பெர்மாங்கனேட் அமில ஊடகத்தில் 0.100 நார்மல், ஏற்கும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கையான ஐந்தால் மோலாரிட்டியை முன்கூட்டியே பெருக்கித்தான் நார்மாலிட்டியைப் பெறுகிறோம். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் மூலக்கூறு நிறையான 158-ஐ ஐந்தால் வகுத்து 31.6 என்று சமான நிறையை எழுதும்போதே மோல் விகிதம் உள்ளே புகுந்துவிடுகிறது. ஃபெரஸ் சல்பேட்டுக்கு இழக்கும் எலக்ட்ரான் ஒன்றே என்பதால் சமான நிறையும் 278 ஆகவே நிற்கிறது. ஆக இரண்டு முறைகளுக்கும் இடையே முரண் எதுவும் இல்லை. என்றாலும், விகிதம் கண்ணெதிரே எழுதப்பட்டிருக்கும் முறையையே நான் பரிந்துரைப்பேன். பிழை நேர்ந்தால் எந்த வரியில் நேர்ந்தது என்று அதில்தான் விரல் வைத்துக் காட்ட முடியும்.

ஆக்சாலிக் அமிலம்: பெர்மாங்கனேட்டின் செறிவைக் கண்டுபிடித்தல்

முதல் கணக்கில் பெர்மாங்கனேட்டின் செறிவைக் கொடுத்துவிட்டார்கள். உண்மையான ஆய்வகத்தில் அது கொடுக்கப்படுவதில்லை. பெர்மாங்கனேட்டைத் துல்லியமாக எடை போட்டுக் கரைத்தாலும் அதன் செறிவை நம்ப முடியாது. அதில் சிறிதளவு மாங்கனீசு டை ஆக்சைடு எப்போதும் கலந்திருக்கும், நீரிலுள்ள கரிமப் பொருள்களோடும் அது வினைபுரியும். அதனால் ஆக்சாலிக் அமிலம் போன்ற, எடை போட்டால் நம்பத்தக்க ஒரு பொருளைக் கொண்டு அதன் செறிவை முதலில் நிறுவுகிறோம். செய்முறைத் தேர்வில் பெர்மாங்கனேட்டை இணைப்புக் கரைசல் என்று அழைத்து, திட்டக் கரைசலோடு ஒருமுறையும் தெரியாத கரைசலோடு ஒருமுறையும் தரம்பார்க்கச் சொல்வது இதனால்தான்.

இரண்டு நீர் மூலக்கூறுகள் கொண்ட ஆக்சாலிக் அமிலத்தின் மூலக்கூறு நிறை 126. அதில் 1.575 கிராமை 250 மி.லி. திட்ட அளவுக் குடுவையில் (எஸ்.எம்.எஃப்.) கரைத்தால், 12.5 மில்லிமோல் 250 மி.லி.யில் இருக்கிறது, மோலாரிட்டி 0.0500. அதில் 20.0 மி.லி. எடுத்தால் 1.00 மில்லிமோல். இம்முறை நாம் ஆக்சலேட்டிலிருந்து பெர்மாங்கனேட்டுக்குப் போகிறோம், ஐந்துக்கு இரண்டு. எனவே 1.00 × 2 ÷ 5 = 0.400 மில்லிமோல் பெர்மாங்கனேட். பியூரெட் அளவீடு 19.6 மி.லி. என்றால், மோலாரிட்டி 0.400 ÷ 19.6 = 0.0204.

விகிதத்தைத் தலைகீழாகப் போட்டுவிடுவோமோ என்ற அச்சம் எல்லோருக்கும் உண்டு. அதற்கு மருந்து, விகிதத்தை எண்ணாக மட்டும் எழுதாமல் பெயரோடு எழுதுவதுதான். '2 மோல் பெர்மாங்கனேட் ÷ 5 மோல் ஆக்சலேட்' என்று எழுதிவிட்டால், ஆக்சலேட் மோலால் பெருக்கும்போது ஆக்சலேட் அடிபட்டுப் போய்ப் பெர்மாங்கனேட் மட்டும் மிஞ்சுகிறதா என்று கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். இன்னொரு சோதனையும் இருக்கிறது. அதிக எலக்ட்ரான்களைக் கையாளும் பொருள் எண்ணிக்கையில் குறைவாகவே தேவைப்படும். ஐந்து எலக்ட்ரான்களை ஏற்கும் பெர்மாங்கனேட்டின் மோல்கள் ஆக்சலேட்டின் மோல்களைவிட அதிகமாக வந்தால் விகிதம் கவிழ்ந்துவிட்டது என்று பொருள்.

செய்முறையில் இந்தக் கரைசலை ஏறத்தாழ 60 முதல் 70 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கித்தான் தரம்பார்க்க வேண்டும். முதல் சில துளிகளின் நிறம் மறையச் சற்று நேரமாகும்; வினையில் உருவாகும் மாங்கனஸ் அயனியே வினையூக்கியாக வேலை செய்வதால், பிறகு நிறம் உடனுக்குடன் மறையும். புதிதாகச் செய்பவர்கள் அந்தத் தொடக்கத் தாமதத்தையே முடிவு நிலை என்று எண்ணி நிறுத்திவிடுவதுண்டு. பெர்மாங்கனேட் அடர்ந்த நிறமுடையது என்பதால் பியூரெட்டில் அதன் பிறைத்தளத்தின் மேல்விளிம்பைத்தான் படிக்க வேண்டும் என்பதையும் கவனிக்கவும்.

நீல நிற இரும்பு மாத்திரை: மூன்று ஐந்துகள்

அரசுப் பள்ளிகளில் வாரம் ஒருமுறை வளரிளம் பருவத்தினருக்குக் கொடுக்கும் நீல நிற மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்க வேண்டும். அதைச் சோதிப்பதாக ஒரு கணக்கை வைத்துக்கொள்வோம். ஐந்து மாத்திரைகளைப் பொடித்து, நீர்த்த கந்தக அமிலத்தில் கரைத்து, வடிகட்டி, 100 மி.லி.யாக ஆக்குகிறோம். அதில் 20.0 மி.லி. எடுத்து 0.0100 மோலார் பெர்மாங்கனேட்டால் தரம்பார்க்க, 21.2 மி.லி. ஆகிறது. ஒரு மாத்திரையில் எவ்வளவு இரும்பு?

பெர்மாங்கனேட் 0.212 மில்லிமோல். இரும்பு அதைப்போல் ஐந்து மடங்கு, 1.06 மில்லிமோல். இது 20 மி.லி.யில் உள்ளது, 100 மி.லி.க்கு உயர்த்த மறுபடியும் ஐந்தால் பெருக்கினால் 5.30 மில்லிமோல். இது ஐந்து மாத்திரைகளுக்கு உரியது. ஒன்றுக்கு ஐந்தால் வகுத்தால் 1.06 மில்லிமோல். இரும்பின் அணு நிறை 55.85 என்பதால், 59.2 மில்லிகிராம்.

இதில் ஐந்து என்ற எண் மூன்று முறை வருமாறு வேண்டுமென்றேதான் அமைத்திருக்கிறேன். முதல் ஐந்து வினையிலிருந்து வந்த மோல் விகிதம். இரண்டாவது, குடுவையில் உள்ளதில் எத்தனையில் ஒரு பங்கைப் பிப்பெட்டில் எடுத்தோம் என்பது. மூன்றாவது, மாத்திரைகளின் எண்ணிக்கை. 'இரண்டு ஐந்துகள் அடிபட்டுப் போகும்' என்று அவசரமாகச் சுருக்குபவர்கள் இந்தக் கணக்கில் தப்பிவிடுவார்கள். மாத்திரைகளின் எண்ணிக்கையோ குடுவையின் அளவோ மாறிய அடுத்த கணக்கில் சிக்கிக்கொள்வார்கள். எனவே ஒவ்வொரு வரியின் முடிவிலும் 'பிப்பெட்டில் உள்ள இரும்பு', 'குடுவையில் உள்ள இரும்பு', 'ஒரு மாத்திரையில் உள்ள இரும்பு' என்று எழுதிக்கொண்டே போக வேண்டும். என் அனுபவத்தில், விகிதத்தைத் தவறவிடுபவர்களைவிட இந்த உயர்த்தும் படியைத் தவறவிடுபவர்களே அதிகம்.

மருந்து ஆய்வகங்களில் ஃபெரஸ் சல்பேட் மாத்திரைக்குப் பெர்மாங்கனேட்டை விடச் சீரிக் சல்பேட்டை விரும்புகிறார்கள். மாத்திரையின் மேற்பூச்சில் உள்ள சர்க்கரை போன்ற பொருள்களையும் பெர்மாங்கனேட் தாக்கக்கூடும்; சீரிக் அயனி அவற்றை அவ்வளவாகத் தொடுவதில்லை. அது ஒரு எலக்ட்ரானை மட்டுமே ஏற்பதால், அங்கே விகிதம் 1:1.

பிளீச்சிங் பவுடர்: இரண்டு வினைகள் கோத்த கணக்கு

வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் தேங்கி வடிந்த பிறகு, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைத் தெருக்களில் மாநகராட்சி ஊழியர்கள் பிளீச்சிங் பவுடர் தூவிச் செல்வதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தப் பொடியின் வலிமை அதிலிருந்து வெளிப்படக்கூடிய குளோரினைப் பொறுத்தது. ஈரக்காற்றுப் பட்டுக் கிடந்தால் அது குறைந்துகொண்டே போகும். எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை அயோடின் வழித் தரம்பார்த்தலால் அளக்கலாம்.

2.50 கிராம் பொடியை நீர்விட்டு அரைத்து 250 மி.லி. ஆக்குகிறோம். நன்றாகக் குலுக்கி 25.0 மி.லி. எடுத்து, மிகுதியான பொட்டாசியம் அயோடைடும் அசிட்டிக் அமிலமும் சேர்க்கிறோம். வெளிப்பட்ட அயோடினைத் தரம்பார்க்க 0.100 மோலார் சோடியம் தயோசல்பேட் 23.2 மி.லி. ஆகிறது.

1 குளோரின் + 2 அயோடைடு → 2 குளோரைடு + 1 அயோடின்

1 அயோடின் + 2 தயோசல்பேட் → 2 அயோடைடு + 1 டெட்ராதயோனேட்

இங்கே நாம் அளக்க விரும்பும் குளோரின் பியூரெட்டில் உள்ள தயோசல்பேட்டை நேரடியாகச் சந்திப்பதே இல்லை. நடுவே அயோடின் நின்று கணக்கைக் கடத்துகிறது. அயோடைடு மிகுதியாக இருப்பதால் அதன் அளவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. தயோசல்பேட் 2.32 மில்லிமோல், அயோடின் அதில் பாதி, 1.16, ஒரு குளோரினுக்கு ஒரு அயோடின் என்பதால் குளோரினும் 1.16 மில்லிமோல். குளோரின் மூலக்கூறு நிறை 70.9; ஆகவே 82.2 மில்லிகிராம். பிப்பெட்டில் எடுத்த 25 மி.லி.யில் இருந்த பொடி 250 மில்லிகிராம். எனவே கிடைக்கக்கூடிய குளோரின் 32.9 சதவீதம், நல்ல சரக்கு என்று சொல்லலாம். அதே சோதனையில் ஈரமேறிய மூட்டையின் பொடிக்கு 13.0 மி.லி. மட்டுமே ஆனால், இதே வழியில் 18.4 சதவீதம் என்று வரும்.

இத்தகைய தொடர் கணக்குகளில் ஒவ்வொரு வினையின் விகிதத்தையும் தனித்தனி வரியில் எழுதிவிட்டு, இரண்டுக்கும் பொதுவான பொருளை வைத்து இணைக்க வேண்டும். ஸ்டார்ச்சு கரைசலைத் தொடக்கத்திலேயே சேர்க்காமல், பழுப்பு நிறம் வெளிறி வைக்கோல் நிறத்துக்கு வந்த பிறகே சேர்க்க வேண்டும். அயோடின் மிகுந்திருக்கும்போது ஸ்டார்ச்சைச் சேர்த்தால், அது அயோடினைப் பிடித்துக்கொண்டு எளிதில் விடாது. முடிவு நிலை தள்ளிப்போகும்.

மணலிக் கழிவுநீர்: எஞ்சியதை அளக்கும் கணக்கு

கொடுங்கையூரில் கழிவுநீரை எதிர்ச் சவ்வூடுபரவல் வரை சுத்திகரித்து, நாளொன்றுக்கு 45 மில்லியன் லிட்டர் கொள்ளளவில் மணலி ஆலைகளுக்கு அனுப்பும் நிலையம் இருக்கிறது. அத்தகைய இடங்களிலும் தொழிற்சாலை ஆய்வகங்களிலும் நாள்தோறும் செய்யும் சோதனைகளில் ஒன்று வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது நீரிலுள்ள கரிமப் பொருளை ஆக்சிஜனேற்றம் செய்ய எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற அளவு; ஆய்வகத்தார் சி.ஓ.டி. என்றே சொல்வார்கள். வேதியியல் பட்டம் முடித்து அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் இந்தக் கணக்கைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

நீரில் உள்ள கரிமப் பொருளை, அளவு தெரிந்த, மிகுதியான டைகுரோமேட்டோடு அமிலத்தில் இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டு ஆக்சிஜனேற்றம் செய்கிறார்கள். பிறகு மிஞ்சிய டைகுரோமேட்டை ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட்டால், ஃபெரோயின் நிறங்காட்டியோடு தரம்பார்க்கிறார்கள். நீலப்பச்சை மாறிச் செம்பழுப்பு தோன்றுவது முடிவு நிலை. கழிவுநீருக்குப் பதில் தூய நீரை வைத்து இதையே ஒருமுறை செய்வது வெற்றுச் சோதனை. டைகுரோமேட்டில் இரண்டு குரோமியம் அணுக்கள் +6 என்பதிலிருந்து +3 ஆகக் குறைவதால், ஒரு டைகுரோமேட் ஆறு எலக்ட்ரான்களை ஏற்கும். ஃபெரஸோடு விகிதம் 1:6.

ஒரு தொழிற்சாலைக் கழிவுநீர் மாதிரி 20.0 மி.லி. என்று வைத்துக்கொள்வோம். 0.100 மோலார் ஃபெரஸ் கரைசல் வெற்றுச் சோதனைக்கு 24.8 மி.லி.யும் மாதிரிக்கு 18.6 மி.லி.யும் ஆகின்றன. வித்தியாசம் 6.2 மி.லி.; அதாவது 0.62 மில்லிமோல் ஃபெரஸ். பியூரெட் அளவீடு குறைந்தால் மாசு அதிகம் என்பது இங்கே புதியவர்களைக் குழப்பும்; அளப்பது எஞ்சியதை, தேடுவது செலவானதை என்று நினைவில் வைத்தால் குழப்பம் தீரும்.

0.62 மில்லிமோல் ஃபெரஸுக்கு இணையான டைகுரோமேட் 0.62 ÷ 6 = 0.1033 மில்லிமோல். இதை ஆக்சிஜனாகச் சொல்ல வேண்டும். ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு நீராக மாறும்போது நான்கு எலக்ட்ரான்களை ஏற்கும்; ஒரு டைகுரோமேட் ஆறு ஏற்கும். எனவே ஒரு டைகுரோமேட்டின் வேலையைச் செய்ய ஒன்றரை ஆக்சிஜன் மூலக்கூறு வேண்டும். 0.1033 × 1.5 = 0.155 மில்லிமோல் ஆக்சிஜன். 32 ஆல் பெருக்க 4.96 மில்லிகிராம். இது 20 மி.லி.க்கு, லிட்டருக்கு 248 மில்லிகிராம்.

ஆய்வகக் குறிப்பேடுகளில் இதே கணக்கை, வித்தியாசத்தையும் செறிவையும் பெருக்கி, 8000 ஆல் பெருக்கி, மாதிரியின் கனஅளவால் வகுக்கும் சூத்திரமாக எழுதி வைத்திருப்பார்கள். அந்த 8000 வானத்திலிருந்து விழுந்ததல்ல: 32-ஐ நான்கு எலக்ட்ரான்களால் வகுத்தால் 8, மி.லி.யிலிருந்து லிட்டருக்குப் போக 1000. நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீருக்கான மத்திய அரசின் பொது விதியில் சி.ஓ.டி. உச்ச வரம்பு லிட்டருக்கு 250 மில்லிகிராம். நம் மாதிரி அதற்குச் சற்றே கீழே நிற்கிறது. ஒன்றரை என்ற விகிதத்தை ஒன்று என்று போட்டிருந்தால் 165 என்று வந்து, வரம்பை ஒட்டி நிற்கும் நீர் மிகவும் சுத்தமானதாகத் தோன்றியிருக்கும். அந்த நீர் போய்ச் சேரும் கால்வாயின் கரையில் குடியிருப்பவர்கள் நம் மக்கள்தான். அதனால் இந்தப் படியில் நான் எந்தப் பிள்ளைக்கும் சலுகை கொடுப்பதில்லை.

ஊடகம் மாறினால் விகிதமும் மாறும்

பெர்மாங்கனேட் என்றாலே ஐந்து என்று மனப்பாடம் செய்வது ஆபத்து. போதிய அமிலம் இல்லாத, நடுநிலையான கரைசலில் அது மாங்கனீசு டை ஆக்சைடாகவே நின்றுவிடும்; +7 என்பதிலிருந்து +4, மூன்று எலக்ட்ரான்கள் மட்டுமே. தரம்பார்க்கும்போது குடுவையில் பழுப்பு நிறக் கலங்கல் தெரிந்தால், அமிலம் குறைந்து வினை பாதை மாறிவிட்டது என்று பொருள். அந்த அளவீட்டைத் தள்ளிவிட்டு மறுபடி செய்ய வேண்டும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பயன்படுத்தினால் பெர்மாங்கனேட்டின் ஒரு பகுதி குளோரைடைக் குளோரினாக்குவதில் வீணாகும். நைட்ரிக் அமிலம் தானே ஆக்சிஜனேற்றி என்பதால் அதுவும் ஆகாது. கந்தக அமிலத்தையே சேர்க்கச் சொல்வதன் காரணம், நாம் எழுதிய விகிதம் குடுவைக்குள்ளும் உண்மையாக இருக்க வேண்டும் என்பதே.

நீங்களே போட்டுப் பார்க்க ஒரு கணக்கு

இரண்டு நீர் மூலக்கூறுகள் கொண்ட ஃபெரஸ் ஆக்சலேட் 0.360 கிராம். மூலக்கூறு நிறை 180 என்று கொள்க. அமில ஊடகத்தில் இதை முழுமையாக ஆக்சிஜனேற்றம் செய்ய 0.0500 மோலார் பெர்மாங்கனேட் எத்தனை மி.லி. வேண்டும்?

போட்டு முடித்த பிறகு மேலே படியுங்கள். எடுத்த பொருள் 2.00 மில்லிமோல். இதில் ஃபெரஸ் ஒரு எலக்ட்ரானையும் ஆக்சலேட் இரண்டு எலக்ட்ரான்களையும் இழப்பதால், ஒரு ஃபெரஸ் ஆக்சலேட் மொத்தம் மூன்று எலக்ட்ரான்களை இழக்கிறது. ஆகவே மூன்று பெர்மாங்கனேட்டுக்கு ஐந்து ஃபெரஸ் ஆக்சலேட், 2.00 × 3 ÷ 5 = 1.20 மில்லிமோல், விடை 24.0 மி.லி. உங்களுக்கு 16.0 என்று வந்திருந்தால் ஃபெரஸை மறந்து ஆக்சலேட்டை மட்டும் எண்ணியிருக்கிறீர்கள், 8.0 என்று வந்திருந்தால் ஆக்சலேட்டை விட்டுவிட்டீர்கள். 40.0 என்று வந்திருந்தால் எலக்ட்ரான்களைச் சமன் செய்யாமல் ஒன்றுக்கு ஒன்று என்று போட்டிருக்கிறீர்கள். விகிதம் எங்கிருந்து வருகிறது என்ற பகுதிக்குப் போய், ஆக்சிஜனேற்ற எண்களிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.